தலையில் அரசி, பூவில் தேவி

கி.பி. 54ஆம் ஆண்டின் கடைசியில் ரோமில் அடித்த தங்கக்காசு ஒன்று. தாயும் மகனும் அதில் மூக்குக்கு மூக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகன் நீரோ. அரியணை ஏறிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. 17 வயது நிறையவில்லை. தாய் அக்ரிப்பினா. இரு முகங்களையும் சுற்றி ஓடும் எழுத்தைப் படித்தால் மகன் பெயரைக் காணோம். தெய்வமாகிவிட்ட கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய், அக்ரிப்பினா அகஸ்டா என்று தாயின் பட்டங்களே வரிசையாக வருகின்றன. நாடாளும் மகனைத் தேடிக் காசைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அங்கே ஓக் இலை மாலையைச் சுற்றி, 'நீரோவுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் கிடக்கிறான். அரியணை யார் கொடுத்து யாருக்கு வந்தது என்பதை ஒரு வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது.

அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். மகன் முன்னால். தாயின் முகம் அவன் முகத்துக்குப் பின்னால் ஒரு விளிம்பாக மட்டும் எட்டிப்பார்க்கிறது. பெயர்களும் இடம் மாறிவிட்டன: தலைப்பக்கம் அவனுடையது, பின்பக்கம் அவளுடையது. அதற்குப் பிறகு ரோமில் அடித்த காசுகளின் தலைப்பக்கத்தில் நீரோ தனியாகத்தான் இருக்கிறான். 59இல், தானாகவே உடைந்து மூழ்கும்படி செய்த படகில் தாயை ஏற்றி அனுப்பினான். அவள் நீந்திக் கரையேறிவிட்டாள். அவள் மாளிகைக்கே ஆள் அனுப்பிக் கொன்றான். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இந்தக் கதையை எழுதியது ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்குப் பிறகு. காசு எழுதியது அன்றன்றைக்கு.

ரோமக் காசு சேகரிப்பவர்களில் ஒரு சாரார் பெண்கள் இருக்கும் காசுகளை மட்டும் சேர்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன். வழக்கமாக இந்தப் பைத்தியம் பிடிப்பவர்கள் 'பன்னிரண்டு சீசர்கள்' வரிசையில் தொடங்குவார்கள். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை ஆளுக்கொரு காசு. பன்னிரண்டும் சேர்ந்த பிறகு ஒரு சலிப்பு தட்டும். எல்லாம் ஒரே மாதிரி இலைமாலை சூடிய ஆண் தலைகள். அப்போதுதான் கண் பக்கத்துத் தட்டுக்குப் போகிறது. அங்கே அடுக்கடுக்காகச் சுருட்டிய கூந்தலோடு ஒருத்தி இருப்பாள். காசைத் திருப்பினால் இன்னொருத்தி நிற்பாள், கையில் எதையோ பிடித்துக்கொண்டு.

நாம் காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா என்கிறோம். ரோமச் சிறுவர்கள் தலையா கப்பலா என்று கேட்பார்களாம். பழைய வெண்கலக்காசின் பின்பக்கத்தில் கப்பலின் முன்பகுதி இருந்ததால் வந்த வழக்கு. அரசிகளின் காசில் தலைப்பக்கம் இருப்பவள் ரத்தமும் சதையுமான ஒரு பெண். பூப்பக்கம் இருப்பவள் தெய்வம். அந்த இருவருக்கும் உள்ள உறவுதான் இந்தச் சேகரிப்பின் சாரம்.

தெய்வத்தைக் கையில் இருப்பதை வைத்து அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வேல் என்றால் முருகன், சங்கு சக்கரம் என்றால் பெருமாள். ரோமிலும் இதே கணக்குத்தான். கப்பல் சுக்கானும் வளக்கொம்பும் ஏந்தியிருந்தால் போர்த்துனா, அதிர்ஷ்ட தேவதை. பாம்புக்குத் தட்டில் இரை நீட்டினால் சாலுஸ், உடல்நலத்தின் தேவதை. கதிரும் தீவட்டியும் என்றால் விளைச்சலுக்கு உரிய சீரிஸ். ஆப்பிள் என்றால் வீனஸ். முக்காட்டை ஒரு கையால் முகத்தருகே இழுத்துப் பிடித்தால் புதிசீஷியா. கற்பு, நாணம் இரண்டும் சேர்ந்த சொல். சிங்கங்களுக்கு நடுவே மத்தளத்தோடு அமர்ந்திருப்பவள் ஆசியாவிலிருந்து வந்த பெரிய அம்மன் சிபெலே. மயில் ஜூனோவுடையது. பேரரசன் இறந்தால் அவன் உயிரைக் கழுகு மேலே கொண்டுபோகும், அரசி இறந்தால் பெரும்பாலும் மயில். முருகனின் வாகனத்தில் ஒரு ரோமப் பெண் முக்காட்டோடு வானேறுவதைப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

ஜூனோவைச் சொல்லும்போது ஒரு கிளைக்கதை. ரோமின் கேப்பிடல் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற அம்மனுக்கு கி.மு. 344இல் கோயில் எழுந்தது. காசு அடிக்கும் அக்கசாலை அந்தக் கோயிலை ஒட்டி இயங்கியது. கி.மு. 46இல் கரிசியஸ் என்ற அதிகாரி அடித்த வெள்ளிக்காசில் ஒரு பக்கம் மொனேட்டாவின் முகம். மறுபக்கம் பட்டறை, இடுக்கி, சுத்தியல், அச்சு. தொழிலாளியின் கருவிகளைத் தன்மேலேயே பொறித்துக்கொண்ட காசு. மொனேட்டா என்ற பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'மணி'யும் 'மின்ட்'டும் பிறந்தன. சென்னை தங்கசாலைத் தெருவை மின்ட் தெரு என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த அம்மன் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

பெயரில்லாத பெண்

முதல் பேரரசி லிவியா. அகஸ்டஸுக்கு அரை நூற்றாண்டு மனைவியாக இருந்தவள். கணவன் உயிரோடு இருந்தவரை ரோமின் நேரடி அக்கசாலைக் காசு ஒன்றில்கூட அவள் பெயர் வரவில்லை. கிழக்கத்திய நகரங்கள் தாமாக அடித்த செப்புக்காசுகளில் அவளைத் தாராளமாகப் போட்டன. அங்கே அரசியைத் தெய்வமாகப் பார்ப்பது பழைய பழக்கம். ரோமில் கூச்சம். உயிரோடு இருக்கும் பெண்ணைக் காசில் போடுவது கிளியோபாட்ரா செய்கிற காரியம் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். மார்க் ஆன்டனி தன் வெள்ளிக்காசில் கிளியோபாட்ராவின் முகத்தைப் போட்டு, அரசர்களின் அரசி என்று எழுதியதும், அதன்பின் அவன் என்ன ஆனான் என்பதும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

மகன் டைபீரியஸ் காலத்தில், 22ஆம் ஆண்டில், லிவியா நோயில் விழுந்தாள். அப்போது அவளுக்கு ஏறக்குறைய 80 வயது. அதையொட்டி வந்த பித்தளைக்காசில் ஓர் அழகிய பெண் தலை இருக்கிறது. கீழே எழுதியிருப்பது 'சாலுஸ் அகஸ்டா'. முகம் லிவியாவுடையது என்றே பலரும் கொள்கிறார்கள், பெயர் தேவதையுடையது. அதே காலத்துப் பெரிய வெண்கலக்காசில் அவள் பெயர் இருக்கிறது, ஆனால் முகம் இல்லை. இரண்டு கோவேறு கழுதைகள் இழுக்கும் ஓர் அலங்கார வண்டிதான் இருக்கிறது. ஒரு காசில் பெயரில்லாத முகம், ஒரு காசில் முகமில்லாத பெயர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால்தான் அவள் முழுதாகக் கிடைப்பாள்.

கூச்சத்தை உடைத்தவன் அடுத்த பேரரசன் காலிகுலா. 37ஆம் ஆண்டில் தன் மூன்று தங்கைகளையும் ஒரே வெண்கலக்காசில் நிற்கவைத்துப் பெயரும் எழுதினான்: அக்ரிப்பினா, துருசில்லா, ஜூலியா. ஒருத்தி தூணில் சாய்ந்து பாதுகாப்பின் தேவதையாக, ஒருத்தி தட்டு ஏந்தி ஒற்றுமையின் தேவதையாக, ஒருத்தி சுக்கான் பிடித்து அதிர்ஷ்டமாக. அடுத்த ஆண்டு துருசில்லா இறந்தாள். அதற்கடுத்த ஆண்டு மற்ற இருவரையும் சதிகாரர்கள் என்று அண்ணனே நாடு கடத்தினான். பாதுகாப்பு, ஒற்றுமை, அதிர்ஷ்டம் மூன்றும் இரண்டே ஆண்டில் காலி. அதில் முதலில் நிற்கும் அக்ரிப்பினாதான் நாம் தொடக்கத்தில் பார்த்த நீரோவின் தாய். இந்தக் காசு இன்று ஏலத்துக்கு வந்தால் பணக்காரச் சேகரிப்பாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் படத்தைப் பார்த்துத் திருப்தியடையலாம்.

கூந்தலைப் படிப்பது

அனுபவப்பட்ட சேகரிப்பாளர் தேய்ந்த காசைக் கையில் வாங்கியதும் எழுத்தைத் தேடமாட்டார். கூந்தலைப் பார்ப்பார். நெற்றிக்கு மேல் ஓர் உருண்டை மடிப்பு இருந்தால் லிவியா காலம். முன் தலையில் தேன்கூடு போலச் சுருள்கள் குவிந்திருந்தால் டைட்டஸின் மகள் ஜூலியா அல்லது டொமிஷியனின் மனைவி டொமிஷியா. இந்தக் கொண்டையை ஜுவெனல் என்ற அங்கதக் கவிஞர் மாடிமேல் மாடி கட்டுவதாகக் கிண்டல் செய்திருக்கிறார். முன்னாலிருந்து பார்த்தால் காவிய நாயகி, பின்னாலிருந்து பார்த்தால் வேறு ஒரு குள்ளப் பெண் என்பது அவர் கணக்கு. உச்சந்தலையில் பின்னலைச் சுற்றிக் கூடைபோல வைத்திருந்தால் மூத்த பவுஸ்தினா. இரு புறமும் அலையலையாய் இறங்கி, தலைக்கவசம் போலக் கனத்துப் பின்கழுத்தில் முடிந்தால் ஜூலியா டொம்னா. அது சவுரி என்று சொல்பவர்கள் உண்டு.

இந்தக் கூந்தல் பித்து விளையாட்டு இல்லை. இளைய பவுஸ்தினாவின் சிலைகளையும் காசுகளையும் வைத்து, அவள் கூந்தல் மாறிய தருணங்களை அவள் பிள்ளைப்பேறுகளோடு இணைத்துக் காட்டினார் கிளாஸ் பிட்ஷென் என்ற ஜெர்மானிய அறிஞர். அவள் மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி. முதல் குழந்தை 147இல் பிறந்த மறுநாளே அகஸ்டா பட்டம் கிடைத்தது. கணவன் அப்போது வெறும் இளவரசன். அவனுக்கு அகஸ்டஸ் பட்டம் வர இன்னும் 13 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. குறைந்தது 12 பிள்ளைகளைப் பெற்றாள். அவள் காசுகளின் பின்பக்கங்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பதிவேடு மாதிரி இருக்கும். பெக்குண்டித்தாஸ், அதாவது பிள்ளைச்செல்வத்தின் தேவதை, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று நிற்கிறாள். ஒரு காசில் காலடியில் நான்கு, கையில் இரண்டு, ஆக ஆறு. இன்னொரு காசில் அரியணை ஒன்றின் மேல் இரண்டு கைக்குழந்தைகள் விளையாடுகின்றன, 'காலத்தின் மகிழ்ச்சி' என்று சுற்றி எழுதியிருக்கிறது. 161ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31இல் பிறந்த இரட்டையர்கள். ஒருவன் நான்கு வயதில் போய்விட்டான். மற்றவன் கொம்மோடஸ். தன்னை ஹெர்குலிஸ் என்று சொல்லிக்கொண்டு மல்லர் களத்தில் இறங்கி ரோமின் மானத்தை வாங்கிய அதே கொம்மோடஸ்.

கொம்மோடஸின் மனைவி கிரிஸ்பினாவுக்குப் பிள்ளையில்லை. அவள் வெள்ளிக்காசு ஒன்றில் தேவதையே கிடையாது. ஒரு பலிபீடம் மட்டும்; 'பிறப்புத் தெய்வங்களுக்கு' என்ற வேண்டுதல். மாமியாரின் காசில் குழந்தைகள் நெருக்கியடிக்கும் இடத்தில் மருமகளுக்கு ஒரு வெற்றுக் கல். பின்னால் அவளைக் கள்ள உறவுக் குற்றம் சாட்டிக் காப்ரித் தீவுக்கு அனுப்பிக் கொன்றார்கள். இரண்டு காசுகளையும் அருகருகே வைத்துவிட்டு என்னால் அடுத்த வேலைக்குப் போக முடிந்ததில்லை.

அப்போது புரிகிறது, பூப்பக்கத்துத் தேவதை அரசியின் வர்ணனை அல்ல. அது அவளுக்கு எழுதிக்கொடுத்த வேடம். பெற வேண்டும், பொறுக்க வேண்டும், முக்காடு நழுவக்கூடாது, வீட்டில் ஒற்றுமை நிலவ வேண்டும். எழுதியது யார்? அக்கசாலை அரசனுடையது. அரசிக்கென்று தனி அக்கசாலை கிடையாது. அரசிக்கும் இதில் ஏதாவது சொல்லுரிமை இருந்ததா என்று கேட்டு அறிஞர்கள் கட்டுரைமேல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

வேடம் எவ்வளவு பொய்யாகப் போகலாம் என்பதற்குப் பிளாட்டில்லா. 202இல் அவளைப் பேரரசன் செவெரஸின் மகன் கரகல்லாவுக்குக் கட்டிவைத்தார்கள். பையனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒரே பந்தியில் உட்கார மறுத்தானாம். காசிலோ கணவனும் மனைவியும் கைகோத்து நிற்கிறார்கள். ஒன்றில் 'என்றும் நீங்காத ஒற்றுமை', இன்னொன்றில் 'பேரரசின் வம்ச விருத்தி' என்ற எழுத்து. 205இல் அவள் தகப்பன் கொல்லப்பட்டதும் அவளை லிபாரித் தீவுக்கு அனுப்பினார்கள். மாமனார் செவெரஸ் இறந்த பிறகு கரகல்லா அவளையும் முடித்தான். மூன்றே ஆண்டுக் காசுகளில் அவள் கூந்தல் பலமுறை மாறுகிறது. முதல் காசில் சிறுமி. கடைசிக் காசில் கன்னம் ஒட்டிய ஒரு பெண்.

எல்லாம் இப்படி இருண்டவை என்று நினைத்துவிட வேண்டாம். மூத்த பவுஸ்தினா 140இல் இறந்தாள். கணவன் அந்தோனினஸ் பியஸ் அதன்பின் 20 ஆண்டு ஆண்டான். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டு தவறாமல் அவள் முகத்தோடு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அடித்துக்கொண்டே இருந்தான். ரோம மன்றத்தில் அவளுக்குக் கட்டிய கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன, உள்ளே ஒரு கிறித்தவ தேவாலயத்தை வைத்துக்கொண்டு. ஏழைப் பெண்பிள்ளைகளைப் பராமரிக்க அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அந்தச் சிறுமிகளையும் காசில் போட்டான். அரசியல் கணக்கு இதில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறும் கணக்குக்காக ஒருவன் 20 ஆண்டு ஒரே முகத்தை அடித்துக்கொண்டிருப்பானா?

இந்த அன்பால் லாபம் அடைந்தவர்கள் இன்றைய சேகரிப்பாளர்கள். அவ்வளவு காசு அடித்ததால் மூத்த பவுஸ்தினாவின் வெள்ளி தெனாரியஸ் ஒரு சாதாரணக் கைபேசியின் விலைக்குள் கிடைக்கிறது. 18 நூற்றாண்டு பழைய பொருள்! பெண்கள் வரிசையைத் தொடங்குபவர்களுக்கு இவளைத்தான் கைகாட்டுவார்கள். அடுத்து ஜூலியா டொம்னா. சிரியாவின் எமெசா நகரத்து, இன்றைய ஹோம்ஸ் ஊரின், சூரியக்கோயில் பூசாரி மகள். அரசனைக் கட்டுவாள் என்று அவள் ஜாதகத்தில் இருந்ததைக் கேள்விப்பட்டுத்தான் செவெரஸ் பெண் கேட்டான் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. நம் ஊர்க் கதை போலவே இருக்கிறது. அவள் மடியிலேயே மூத்த மகன் கரகல்லாவின் ஆட்கள் இளைய மகன் கெட்டாவைக் குத்திக் கொன்றார்கள். அழக்கூட அவளுக்கு அனுமதியில்லை. அதே கரகல்லா 215இல் புதிதாக ஒரு பெரிய வெள்ளிக்காசை அறிமுகப்படுத்தினான். அதில் அரசன் தலையில் சூரியக்கதிர் முடி. அரசியின் மார்பளவு உருவத்துக்குக் கீழே பிறைநிலா. அதன்பின் அந்த வகைக் காசில் வந்த அரசிகள் பெரும்பாலும் அந்தப் பிறையில் அமர்ந்துதான் காட்சி தருகிறார்கள். 248இல் ரோம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியபோது வந்த காசில் அரசி ஒத்தாசிலியாவும் அப்படியே பிறைமேல் இருக்கிறாள். திருப்பினால் தேவதையைக் காணோம், ஒரு நீர்யானை நிற்கிறது. விழாவில் காட்டிய விலங்குகளை அரச குடும்பத்துக்குள் பங்கிட்டபோது அரசியின் பங்குக்கு வந்தது அது. பாவம்.

சீப்பு நுழைந்த கூந்தல்

இந்தப் பழக்கம் புதியதல்ல. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் ரோமக் காசு சேர்த்தவர். 1354இல் மன்னர் நான்காம் சார்லஸுக்குச் சிலவற்றைப் பரிசாகக் கொடுத்து, இவர்களைப் போல ஆளுங்கள் என்று உபதேசமும் செய்தார். சேகரிப்பவர் வந்தால் போலி செய்பவரும் வருவார். 16ஆம் நூற்றாண்டில் பதுவா நகரத்தில் கவினோ என்ற கைவினைஞர் ரோமக் காசு பாணியில் செய்தவை அவ்வளவு அழகு. இன்று அவையே தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெக்கர் என்ற ஜெர்மானியர் புது அச்சு வெட்டிக் காசு அடித்து, இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் போட்டுக் குதிரைவண்டியின் அச்சில் கட்டி ஊரைச் சுற்றிவருவார். குலுங்கிக் குலுங்கிக் காசுக்குப் பழமை ஏறிவிடும்.

இன்று அதிகம் ஏமாற்றுவது வார்ப்புக் காசு. உண்மையான ரோமக் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே சம்மட்டியால் அடித்தது. அடியில் உலோகம் வெளிப்பக்கம் பிதுங்கி ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கும். வார்ப்பில் ஓரத்தைச் சுற்றி ஓர் இணைப்புக் கோடு தெரியும், மேற்பரப்பில் ஊசிக்கண் அளவு குமிழிகள், விவரங்கள் சோப்புக்கட்டி கரைந்தது போல மழுங்கி இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும். அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீரோ 64இல் எடையைக் குறைத்தான். செவெரஸ் காலத்தில் வெள்ளி பாதிக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே செம்பு மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசும் உண்டு. அதை மட்டும் யாரும் வெறுப்பதில்லை, பழைய போலிக்கு ஒரு மரியாதை.

பெண்கள் காசுக்கென்றே ஒரு தனி மோசடி இருக்கிறது. பெரிய வெண்கலக்காசுகளில் தேய்ந்துபோன கூந்தலை நுண்ணுளியால் மறுபடி கீறிவிடுவார்கள். இழை இழையாக, சீப்பு நுழைந்தது போல. முகத்தில் மூக்கு தேய்ந்திருக்கும், காது மங்கியிருக்கும், கூந்தல் மட்டும் நேற்றுத்தான் வாரிவிட்டது போல மின்னும். வாங்கப் போனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எது அரிது என்பதற்குப் புதையல்களே அளவுகோல். 1929இல் பல்கேரியாவின் தெவ்னியாவில் கிடைத்த புதையலில் பதிவானவை மட்டும் 81,000க்கு மேல் தெனாரியஸ்கள். அதில் எந்த அரசி எத்தனை முறை வருகிறாள் என்று எண்ணிப் பார்த்துத்தான் இன்றும் விலை பேசுகிறார்கள். 193இல் 66 நாள் மட்டும் ஆண்ட தீதியஸ் ஜூலியானஸின் மனைவி மன்லியா ஸ்காந்தில்லாவும் மகள் தீதியா கிளாராவும் இந்த வரிசையின் கைக்கெட்டாக் கனிகள். மூன்றாம் கோர்டியனின் மனைவி திராங்குவில்லினாவுக்கு ரோமில் அடித்த காசு மிக அரிது; ஆனால் கிழக்கு நகரங்களின் செப்பில் தாராளமாகக் கிடைக்கிறாள். வரிசையில் பல் விழுந்த இடத்தை அதை வைத்து அடைப்பார்கள்.

மிளகுக்கு வந்தவள்

உலகத்தில் எங்கோ நடக்கும் பொழுதுபோக்கு என்று இதுவரை படித்தவர்கள் இனிக் கோயம்புத்தூர்ப் பக்கம் பார்க்கலாம். டைபீரியஸ் ஆண்ட 23 ஆண்டுகளில் பெரும்பகுதி, லியோனில் இருந்த அக்கசாலை ஏறக்குறைய ஒரே ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடித்தது. தலைப்பக்கம் டைபீரியஸ். பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் ஆலிவ் கிளை. அவள் பெயர் காசில் இல்லை. அமைதியின் தேவதை பாக்ஸ் என்பார்கள். அந்த உருவத்தில் அமர்ந்திருப்பது தாய் லிவியாதான் என்று பலர் சொல்வார்கள். இயேசுவிடம் வரிக்காசு என்று காட்டியது இதுதான் என்ற நம்பிக்கை இருப்பதால் மேலைநாடுகளில் இதற்கு நியாயத்துக்கு மீறிய விலை.

இந்தக் காசு தென்னிந்தியப் புதையல்களில் கொட்டிக் கிடக்கிறது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1841இல் ஒரு பானையில் மட்டும் 500க்கு மேற்பட்ட தெனாரியஸ்கள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே அவற்றில் பெரும்பான்மை. கரூரிலும் அப்படியே. முசிறித் துறைக்கு வந்து இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் வந்திருக்கிறது. யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 22ஆம் ஆண்டில், லிவியா நோயில் கிடந்த அதே ஆண்டில், டைபீரியஸ் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். பெண்களின் நகை ஆசைக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறதே என்று அதில் புலம்பல். ரோம எழுத்தாளர் பிளினியும் பின்னால் இதையே எழுதினார்: இந்தியாவும் சீனமும் அரபியாவும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்டியஸைக் கறந்துகொள்கின்றன, நம் ஆடம்பரமும் நம் பெண்களும் அவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்று. மிளகு தின்ற ஆண்களைப் பற்றி இந்த இடத்தில் பேச்சில்லை. பெண்களால் போகிறது என்று அவர்கள் அழுத அந்தப் பணத்தின் மேலேயே ஒரு பெண் அமர்ந்து, கப்பலேறி, கொங்கு நாட்டுப் பானைக்குள் வந்து சேர்ந்தாள்.

நம்மவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்களா? எடையைப் பார்த்தார்கள் என்பதற்கு ஓர் இலங்கைக் கதை உண்டு. கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடித்துப்போய் அங்கே ஒதுங்கிய ரோமன் ஒருவனிடமிருந்த தெனாரியஸ்களை அந்நாட்டு அரசன் நிறுத்துப் பார்த்தானாம். முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைக் கண்டு, இது நேர்மையான தேசம் என்று வியந்தானாம். பிளினி பெருமையோடு எழுதியிருக்கிறார். நீரோ எடையைக் குறைத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

தங்கக்காசுகளில் சிலவற்றைத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். காசுமாலையின் ஆதி இதுவாக இருக்கலாம் என்று சொல்லும்போதே என் பாட்டியின் மாலை நினைவுக்கு வருகிறது. அதில் தொங்கியதும் கடல் கடந்த ஓர் அரசியின் தலைதான், விக்டோரியா. அகஸ்டஸ் காலத்து அவுரியஸ் தங்கக்காசின் எடையும் ஏறக்குறைய ஒரு சவரன்தான்.

இன்று நிலத்தில் இப்படி ஒரு பானை அகப்பட்டால் மாலை கட்ட முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. நல்லதுதான். பானையோடு கிடைத்த காசு ஒரு வணிகன் கதையைச் சொல்லும். பானையிலிருந்து பிரித்து விற்ற காசு வெறும் வெள்ளி.

1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் ஒரு பானை கிடைத்தது. 501 அவுரியஸ்கள், அத்தனையும் தங்கம். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை. கிளாடியஸின் தாய் அந்தோனியாவின் காசும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் ஓர் உளி வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்கிறார்கள் சிலர். இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று அறிவித்த வெட்டு என்கிறார்கள் சிலர். யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே மாதிரி கைவீச்சில் வெட்டியிருக்கிறார்.

வெட்டியவர் தலைப்பக்கத்தைப் பார்த்துத்தான் வெட்டினார். டைபீரியஸின் கன்னத்தில், காதில், கழுத்தில் உளி இறங்கியிருக்கிறது. காசைத் திருப்பினால் அந்தப் பெண் நாற்காலியில் அப்படியே இருக்கிறாள், கிளையைப் பிடித்துக்கொண்டு.